என் வீட்டுக்காரர் எளிதாக்கிய கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறார். வகுப்பில் பேசியது போக மிச்சத்தை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் என்னிடம் பேசுவார். நான் அரியலூரில், கலெக்டர் ஆபீஸ் போகிற சாலையில், மனு டைப் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பட்டா பெயர் மாற்றம், முதியோர் பென்ஷன், பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டது என்று ஊர்க் குறைகளில் பாதி என் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகும்.

கடைக் கம்ப்யூட்டர் பழசு. அதில் இருக்கும் சிஸ்டத்துக்கு இனி அப்டேட் வராது, புதுசைப் போட்டால் இந்த மெஷின் தாங்காது என்று திரையில் அடிக்கடி ஓர் அறிவிப்பு வரும். நான் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஒருநாள் அது என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுவிடலாம் என்றார். காசு கிடையாது, வைரஸ் தொல்லை கிடையாது, எந்தக் கம்பெனிக்கும் நாம் அடிமை கிடையாது. அவரைப் போன்றவர்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. வேறு சிஸ்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு லினக்ஸை எப்படி எளிதாக்குவது என்று அங்கே ஓயாமல் விவாதிப்பார்கள். அப்படி வந்தவர் ஒருவர்கூட அந்தக் குழுவில் இல்லை என்பதால் விவாதம் தடங்கலின்றி நடந்துகொண்டிருந்தது. அவருக்கும் தேவைப்பட்டது ஒன்றும் தெரியாத, எழுந்து ஓடவும் முடியாத ஒரு ஆள். கட்டிய மனைவியைவிடப் பொருத்தமாக யார் கிடைப்பார்?

ஞாயிற்றுக்கிழமை மெஷினை வீட்டுக்குத் தூக்கி வந்தார். திரைக்கு எந்தத் தோற்றம் வேண்டும் என்று கேட்டார். ஏதாவது ஒன்று போடுங்கள் என்றேன். அப்படிச் சொல்லக் கூடாதாம், தேர்ந்தெடுப்பதுதான் சுதந்திரமாம். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, அதை உருவாக்கியவர்களுக்குள் ஏன் சண்டை வந்தது, யார் யார் பிரிந்து போனார்கள் என்று வரலாறும் சொன்னார். எங்கள் சொந்தத்தில்கூட அவ்வளவு பங்காளிச் சண்டை இல்லை. அடுப்பில் கறிக்குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. கண்ணெதிரே இருந்த ஒன்றைக் காட்டி இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் சுதந்திரத்தை நான் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டரிடம் நேரில் மனு கொடுக்கிற நாள், எனக்கு வாரத்திலேயே கூட்டம் அதிகமுள்ள நாள். விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர் முதல் பஸ்ஸிலேயே வந்து காத்திருந்தார். தன் காட்டுக்குப் போகும் பாதையை யாரோ முள் போட்டு அடைத்துவிட்டதாகச் சொன்னார். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். கீழே இருக்கவேண்டிய பட்டை மேலே இருந்தது. வலப்பக்கம் இருக்கவேண்டிய, பக்கத்தை மூடுகிற பெருக்கல் குறி இடப்பக்கம் போயிருந்தது. சரி, வீட்டுச் சாமான்களை இடம் மாற்றி வைத்தால் தேடி எடுப்பதில்லையா என்று பழைய மாதிரி மனு ஒன்றைத் திறந்தேன். 'உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. நான் இத்தனை காலம் டைப் செய்த எழுத்துரு புதிய சிஸ்டத்தில் இல்லை. புதிதாக அடிக்கலாமென்றால் என் விரலுக்குப் பழகிய தமிழ்த் தட்டச்சு முறையும் அதில் இல்லை. அம்மா என்று வர ஆங்கிலத்தில் 'ஏ', 'எம்' என்று தட்டவேண்டுமாம். அதுதான் எல்லோருக்கும் எளிதாம்.

வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். வகுப்பிலிருந்து வெளியே வந்து மிகுந்த உற்சாகத்தோடு பேசினார். எழுத்துருவைக் கொண்டுவர ஒரு கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, ஒரு கட்டளை வரியை எழுத்தெழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்தார். அது கடவுச்சொல் கேட்டது.

"அடிச்சேங்க. ஒரு எழுத்துகூட வுழ மாட்டேங்குது."

"வுழாதும்மா. நீ அடிச்சுக்கிட்டே இரு. அதான் பாதுகாப்பு."

எதுவும் விழாத திரையில் எதையோ அடித்துக்கொண்டிருந்த என்னைப் பெரியவர் பரிதாபமாகப் பார்த்தார். கடவுச்சொல் தப்பு என்று வந்தது. போனை வைத்துவிட்டு வெள்ளைத்தாளை எடுத்து மனுவைக் கையால் எழுத ஆரம்பித்தேன். என் கையெழுத்தைப் படித்து என் டீச்சர்களே கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள்.

"ஏம்மா, கையால எழுதுனா கலெக்டரு படிப்பாரா?" என்று பெரியவர் கேட்டார். படிப்பார் என்று சொன்னேன். அன்றைக்குச் சொன்ன பொய்களில் அது சின்னது. மற்றவர்களிடம் சிஸ்டம் இன்னும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. நான் கற்றுக்கொள்ள முயற்சி செய்யவில்லை என்பது அவர் கட்சி. நானும் சளைக்கவில்லை, கடையில் கெட்டது எல்லாவற்றையும் லினக்ஸின் தலையில் கட்டினேன். பிரிண்டர் செத்துவிட்டது, இந்த லினக்ஸ்தான் கொன்றுவிட்டது என்று இரண்டு நாள் சாதம் போடும்போதெல்லாம் சொன்னேன். அவர் கடைக்கு வந்து, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். டேபிள் ஃபேன் போடுவதற்காக நானே பிடுங்கிய பிரிண்டர் வயர் தரையில் கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் மாட்டினார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கடைசியில் நான்தான் சொன்னேன். "ஒரு திங்கக்கெழம லீவு போட்டுட்டு வந்து கடையில உக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது, கீபோர்டத் தொடக் கூடாது. சும்மா பாருங்க."

வந்தார். என் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் தப்பான இடத்தில் மவுசைக் கொண்டுபோகும்போதெல்லாம் பின்னால் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் குழந்தை அழ அழ நின்றுகொண்டிருந்தார். ஆங்கில எழுத்தில் தட்டுத்தடுமாறி அடித்த அவருடைய மனுவைச் சேமித்து வைத்த இடம் தெரியாமல் நான் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து மூடினேன். திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் திரையைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்தரம் ஷட்டரைப் பாதி இறக்கியதும், எது எங்கே இருந்தால் உனக்கு வசதி என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். எங்கள் குடும்ப வாழ்க்கையில் இது புதுசு. நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். பட்டை கீழே வந்தது. பெருக்கல் குறி வலப்பக்கம் வந்தது. என் பழைய எழுத்துருவும் தட்டச்சு முறையும் வந்து சேர்ந்தன. திரையில் பட்டா, பென்ஷன், பாதை, இதர குறைகள் என்று நான் சொன்ன பெயரிலேயே படங்கள் வைத்தார். கறுப்புத் திரையை என் கண்ணில் படாமல் எங்கோ ஒளித்துவைத்தார்.

இப்போது கடை ஓடுகிறது. மெஷினும் முன்னைவிட வேகமாகத்தான் இருக்கிறது. இதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை, சொன்னால் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்.

போன மாதம் வரதராஜன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர், தன் கம்ப்யூட்டருக்கும் லினக்ஸ் போட்டுத்தரச் சொல்லி இவரைக் கூப்பிட்டார். தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடப் போனேன். மெஷினைத் தொடுவதற்கு முன், கடையில் என்னென்ன வேலை பார்ப்பீர்கள் என்று இவரே விசாரித்தார்.

"காலைல வந்ததும் மாதா பாட்டு போடுவேன் சார். மத்ததெல்லாம் அப்பறந்தான்" என்றார் கடைக்காரர்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். பாட்டுப் போட எத்தனை விதமான மென்பொருள் இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இருமினேன். அவர் வாயை மூடிக்கொண்டு, பாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.