ஜப்பான் துடைப்பம்

பயிற்சி என்றாலே எனக்கு அலர்ஜி. இருபது வருட ஆசிரியர் வேலையில் நான் உட்காராத பயிற்சி இல்லை. வடை சூடாக இருந்தால் அது நல்ல பயிற்சி, அவ்வளவுதான். ஆனால் அன்று திண்டிவனத்தில் நடந்தது என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. பல நாட்டுப் பள்ளிகளைப் பற்றி வீடியோ போட்டார்கள். பின்லாந்தில் ஏழு வயதில்தான் முதல் வகுப்பாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய பரீட்சையே கிடையாதாம். அதெல்லாம் நம் கையில் இல்லை என்று கொட்டாவி விட்டேன். அடுத்து ஜப்பான் வந்தது. பாடம் முடிந்ததும் பிள்ளைகளே தங்கள் வகுப்பைப் பெருக்கித் துடைத்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை என்கிற பேதமில்லை என்றார் பயிற்சியாளர். இதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம், ஒரு துடைப்பம் போதும். ஊர் திரும்பும் பஸ் பெருமுக்கல் தாண்டுவதற்குள் மனதுக்குள் அட்டவணையே போட்டுவிட்டேன்.

உப்பளத்தை ஒட்டிய நடுநிலைப் பள்ளி எங்களுடையது. என் ஐந்தாம் வகுப்பில் பதினெட்டுப் பேர். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தலைவரையும் போட்டேன். தினமும் ஒரு குழு, கடைசி மணிக்கு முன் பதினைந்து நிமிடம் பெருக்க வேண்டும். 'நம் வகுப்பு, நம் பொறுப்பு' என்று கலர் சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டி, அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தேன். அந்தப் பதினைந்து நிமிடமும் நான் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து செல்போனில் ஏதாவது விவரம் ஏற்றிக்கொண்டிருப்பேன். திரும்பி வந்தால் வகுப்பு பளிச்சென்று இருக்கும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இரண்டாவது வாரம் ஒரு மதியம் வகுப்பு வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழங்கால் வரை உப்பு காய்ந்த வெள்ளை. அளத்து வேலை முடிந்து நேராக வந்திருந்தார். காலனியிலிருந்து வரும் என் மாணவியின் அம்மா அவர். கணக்கில் என்னையே மடக்குகிற பெண் அவள்.

"டீச்சர், எம் பொண்ண இங்க பெருக்கறதுக்கா அனுப்பறேன்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எல்லாருந்தாம்மா பெருக்கறாங்க. ஜப்பான்ல பெரிய பெரிய ஆளுங்க புள்ளைங்களே பெருக்குது, தெரியுமா?"

"எல்லாருமா? நீங்க பாத்தீங்களா?"

பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். எல்லாத் தலைகளும் குனிந்தன. அதட்டிக் கேட்டதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் நாள் முறைப்படி நடந்திருக்கிறது. மறுநாள் இவள் குழுவின் முறை. குழுத் தலைவி, "நீதாண்டி நல்லா பெருக்குவ" என்று இவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்திருக்கிறாள். அதற்கப்புறம் மற்றக் குழுக்களும் இவளையே கூப்பிட்டிருக்கின்றன. ஆறு நாளாக இவள் ஒருத்திதான் பெருக்கியிருக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாருமில்லை. எங்கள் பக்கத்தில் சாதியைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"அந்த ஊர்ல பெருக்குன புள்ள நாளைக்குக் கலெக்டர் ஆனா, பெருக்குன கைதானேன்னு எவனாச்சும் சொல்லுவானா டீச்சர்?" என்றார் அந்த அம்மா. "நான் ஊரு வூடுங்கள்ல பெருக்கினு இருந்தவ. அது வேணான்னுதான் உப்புக்குப் போனேன். இவளுக்கு அது வேணாம்."

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அம்மாவோடு அளத்துக்குப் போகிறாள் என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட என் மேலேயே ஆத்திரம். ஜப்பான் வரைக்கும் பார்த்தவள் ஆபீஸ் அறையிலிருந்து வகுப்பை எட்டிப் பார்க்கவில்லையே.

"சார்ட்டக் கிழிச்சிப் போடுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். "வேலில போற ஓணான எடுத்து வேட்டில வுட்டுக்கின கதையா இருக்குது. மேல தெரிஞ்சா மெமோதான்."

கிழித்தேன். ஆனால் விடுவதாக இல்லை. அதோடு நிறுத்தினால் அந்த ஆறு நாள்தான் எல்லார் மனதிலும் நிற்கும், அவள் படித்து முடிக்கும் வரை. புதுப் பட்டியல் எழுதினேன், தினம் ஒருவர். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது தலைமையாசிரியர். பிறகு பிள்ளைகள். அந்தப் பெண்ணின் பெயரைக் கடைசிக்கு முன்னால் வைத்தேன். அவளுக்கு அடுத்து, கடைசியாக, குழுத் தலைவி.

"என்னையுமா?" என்றார் சார்.

"மெமோவ நான் வாங்கிக்கறேன் சார். தொடப்பத்த நீங்க வாங்கிக்கோங்க."

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கு முன்பே அளத்துக்குப் போனேன். வரப்பில் செருப்பு வழுக்கியது. அம்மா பாத்தியில் உப்பை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மகள் கையிலிருந்த கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"தப்பு எம்மேலதாம்மா. நான் பாக்கல" என்று பட்டியலை நீட்டினேன். மகள் வாங்கி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"எழுதறத யாரு வேணா எழுதலாம்" என்றார் அம்மா. "வந்து பாக்கறேன்."

வந்தார். அளத்து வேலை முடிந்து, சொன்ன மாதிரியே, தினமும் பள்ளி கேட்டருகே நின்றார். முதல் நாள் நான் பெருக்கினேன். இரண்டாம் நாள் சார் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, மூலையெல்லாம் குப்பையை விட்டுவிட்டுப் பெருக்கினார். மூன்றாம் நாள் மளிகைக் கடைக்காரர் மகன். விஷயம் தெரிந்து அப்பா ஸ்கூட்டரில் பறந்து வந்தார்.

"எம் புள்ள கைல தொடப்பமா டீச்சர்?"

"அந்தப் பொண்ணு ஆறு நாளு பெருக்குனப்ப நீங்க வரலியேங்க. இன்னிக்கி மட்டும் ஏன் வந்தீங்க?"

அவர் கேட்டருகே நின்ற அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புகார் எழுதுவேன் என்றார். எழுதுங்கள், என் பெயரைச் சரியாக எழுதுங்கள் என்றேன். மகன் பெருக்கி முடிக்கும் வரை நான் வாசலை விட்டு நகரவில்லை. அடுத்த நாள் காலை மணியடிக்கும் முன்பே அந்தப் பெண் பையோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் முறை வந்த நாளில் கேட்டருகே அம்மாவும் இருந்தார். துடைப்பத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நாளைக்கு யாரு டீச்சர்?"

அவளுக்குத் தெரியும். பட்டியலை வாசித்தவளே அவள்தான். நான் குழுத் தலைவியைப் பார்த்தேன். அவள் எழுந்து, "நான்தான்" என்று முணுமுணுத்தாள்.

"எங்க அம்மாவுக்குக் கேக்கல. சத்தமா சொல்லு."

"நாளைக்கு நான்தான்!"

அதன் பிறகுதான் துடைப்பத்தை வாங்கினாள்.