மறைய ஓர் இடம்

புது மீன்கள் தொட்டியின் மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தன. ஒளிய இடமிருந்தால் பயம் தெளியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆற்றோரம் எடுத்த வேர்க்கட்டையைக் கிருமி போக வேகவைத்து உள்ளே இறக்கினேன். ஈரமரத்தின் வாசம் எழுந்தது.

ஸ்ரீவைகுண்டத்தில் பெரியப்பா வீட்டு மர அலமாரிக்கும் மழைக்காலத்தில் இந்த வாசம்தான். அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தோம். வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவைப் பார்த்துவிட்டே போனார்கள். போக வேறிடம் இல்லாமல் அவள் கூடத்து மூலையில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பெரியம்மா அலமாரியை இழுத்து அந்த மூலையை மறைத்தாள்.

"ஏட்டி, இனி இங்கன இருந்துக்கோ. ஒருத்தரும் பாக்க மாட்டாவ."

அம்மா அதன் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் வாய்விட்டு அழுவது கேட்டது.

மீன்கள் கட்டைக்கு அடியில் நுழைந்துகொண்டன.

"ஒண்ணையும் காணலியே?" என்று என் கணவர் குனிந்தார்.

"செத்த நேரம் அதுகளப் பாக்காண்டாம்" என்றேன்.