எழுத்து எழுதிய நாள்

பொலிஸ் கடிதம் வந்தால் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது. விதியைப் போட்டவர் என் கணவர். அன்று அவர் வீட்டில் இல்லை. நோர்வேயின் வடக்குத் தொங்கலில், ஹம்மர்பெஸ்டில், எரிவாயு ஆலை கட்டும் இடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒஸ்லோவில், ஹவுகெட்டோ வீட்டில், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடிதப்பெட்டிக்கு முன்னால் நின்றபடியே பிரித்தேன்.

வெளிநாட்டவருக்கு வதிவிட அனுமதி கொடுப்பது இங்கே பொலிஸ்தான். என்னுடையதைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தேன். நான் எழுதிய திருமணத் தேதி அவர்களிடம் உள்ள விபரத்துடன் பொருந்தவில்லையாம். திருமணம் செய்துவைத்த நீதிமன்றத்தில் சான்றிதழ் எடுத்துக்கொண்டு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

நான் நிச்சயம் செய்யப்பட்ட பெண்ணாக இந்த நாட்டுக்கு வந்தவள். ஆறு மாதத்துக்குள் கலியாணம் முடிக்க வேண்டும், இல்லையேல் திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் எனக்குத் தந்த விசா. அதன் பிறகு கிடைத்த அனுமதியும் அவருடைய மனைவி என்பதற்காகக் கிடைத்ததுதான். கலியாணத்தில் சந்தேகம் வந்தால் அனுமதியும் போய்விடும். அவர் நோர்வேக் குடிமகன், மகள் இங்கே பிறந்தவள். அந்த வீட்டில் விமானத்தில் ஏற்றி அனுப்பக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். ஊரிலோ மறுபடியும் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கான பாதையையும் பூட்டிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நானேதான். முன்பெல்லாம் அவர் நிரப்புவார், நான் கையெழுத்து வைப்பேன். நோர்ஸ்க் மொழி வகுப்பில் நாலு பேர் மெச்சிய திமிரில், “நீங்கள் அங்கை நிண்டு கவலைப்படாதேங்கோ, நான் பாப்பன்” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன். பார்த்த இலட்சணம் இது.

வீட்டில் இருந்த சான்றிதழ் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. அதனால் அடுத்த நாளே நீதிமன்றத்துக்குப் புறப்பட்டேன். தள்ளுவண்டியில் மகளும், அதன் கீழ்த்தட்டில் எங்கள் கலியாண ஆல்பமும். மண்டபம் நிறைய ஆட்கள் வந்து சாப்பிட்டுப்போன கலியாணத்தையா சந்தேகப்படுகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் கோபமும் இருந்தது. பயந்தவளுக்குக் கோபம் ஒரு கைத்தடி மாதிரி.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் திருமண நாளைக் கேட்டார். சொன்னேன். கணினியில் தேடினார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார்.

“அன்று ஞாயிற்றுக்கிழமை,” என்றார். “ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் யாருக்கும் திருமணம் செய்துவைப்பதில்லை.”

நான் ஆல்பத்தைத் தூக்கி மேசையில் வைத்து, தாலி கட்டும் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவர் மரியாதையாகப் பார்த்தார். “மிகவும் அழகாக இருக்கிறது,” என்றார். “ஆனால் இது இங்கே நடக்கவில்லையே.”

படித்த நோர்ஸ்க் எல்லாம் எங்கே போனதோ தெரியாது. ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்ச் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்தேன். கணவருக்கு அழைத்தால், வேலை நேரத்தில் அவர் எடுக்கவில்லை. இரண்டு பொலிஸ்காரர் ஒருவனை நடுவில் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் அவனை வேறெங்கோ விசாரணைக்குக் கொண்டுபோகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. விளங்கியும் தள்ளுவண்டியை என் முழங்காலோடு இழுத்து வைத்துக்கொண்டேன்.

கடைசியில் கணவர் அழைத்தார்.

“எந்தத் தேதி குடுத்தனீர்?”

“எங்கடை கலியாணத் தேதிதான்.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

“ஐயோ, அது தாலி கட்டின நாளல்லோ! கோர்ட்டிலை நாங்கள் எழுத்தல்லோ எழுதினது. அது அதுக்கு முதல் வருசம், மாசி மாதம். ஒரு வெள்ளிக்கிழமை.” தேதியையும் தடுமாறாமல் சொன்னார்.

எங்கள் ஆட்களிடம் கலியாணம் என்றால் தாலிதான். எழுத்து என்பது அரசாங்கத்துக்காகச் செய்யும் பதிவு. எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு வேறு வீட்டில்தான் இருப்பார்கள். நான் வந்து இறங்கிய அடுத்த மாதம் ஊரில் அவருடைய அப்பா இறந்துபோனார். ஆண்டுத் திவசம் முடியாமல் வீட்டில் நல்ல காரியம் செய்ய முடியாது. விசாவோ திவசத்துக்காகக் காத்திருக்காது. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய அக்காவையும் அக்காவின் கணவரையும் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு இதே நீதிமன்றத்துக்கு வந்து எழுத்தை எழுதினோம். பூ இல்லை, புதுச்சேலை இல்லை, படமும் எடுக்கவில்லை. அந்த அக்காவின், அதாவது என் மச்சாளின், குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று மாலையே என்னைப் பக்கத்து நகரமான திராமனில் மச்சாள் வீட்டில் விடுவதற்கு ரெயிலில் கூட்டிப்போனார்கள். அவர் என் பக்கத்தில் இருந்து, ரெயில் வெளிக்கிட்டதுமே வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டார். திராமன் வரும்வரை எழும்பவில்லை. வந்த கோபத்துக்கு அந்த நாளையே நான் கணக்கில் வைக்காமல் விட்டுவிட்டேன்.

திரும்பப் போய்ச் சரியான தேதியைச் சொன்னேன். இருந்தது. அந்தப் பெண் அச்செடுத்து முத்திரை குத்தித் தந்தார். ஆறு மாதக் கெடுவுக்குள் நடந்த கலியாணம். அந்தக் கண்ணாடி நடுவில் இல்லாவிட்டால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

அந்த நிம்மதி ரெயில் ஹவுகெட்டோ வந்து சேரும்வரைகூட நிற்கவில்லை. சான்றிதழை மடியில் வைத்து வாசித்துக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. மாசியில் கலியாணம் என்று இது சொல்கிறது. அடுத்த தை வரைக்கும் நான் திராமனில், அவர் ஒஸ்லோவில் என்று அரசாங்கத்தின் முகவரிப் பதிவு சொல்லும். விசாவுக்காகப் பெயருக்குக் கலியாணம் எழுதிவிட்டு வேறு வேறாக வாழ்பவர்களைப் பிடித்து அனுப்புகிறார்கள் என்ற கதை எங்கள் ஆட்களிடம் எப்போதும் உலாவும். அப்படிப்பட்டவள்தான் நான் என்று காட்ட, முத்திரை குத்திய அத்தாட்சியை நானே வரிசையில் நின்று வாங்கி வந்திருக்கிறேன்.

மச்சாள் தொலைபேசியில் வழி சொல்லித் தந்தார். “பிள்ளை, இஞ்சை இருந்தனான் எண்டு வாய் திறக்காதை. பதிவு மாத்த மறந்துபோனன், அவனோடைதான் இருந்தனான் எண்டு சொல்லு.”

பொலிஸ் விசாரணை அறையில் இருந்த அதிகாரி இளம் ஆள். சான்றிதழைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். “திருமணத்துக்குப் பிறகு எங்கே வாழ்ந்தீர்கள்?”

மச்சாள் தந்த பொய் நாக்கு நுனிவரை வந்தது. வாய் “திராமனில்” என்றது.

“கணவர்?”

“ஒஸ்லோவில்.”

“ஏன்?”

“அப்போது நாங்கள் கலியாணம் முடிக்கவில்லை.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. அவர் சான்றிதழை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. மாமாவின் சாவு, திவசம், தாலி எல்லாவற்றையும் இலக்கணம் பார்க்காமல் கொட்டினேன். சனிக்கிழமைகளில் அவர் திராமனுக்கு வருவார், மச்சாள் நடுவில் இருக்க நாங்கள் தேநீர் குடிப்போம், கடைசி ரெயிலில் அவர் போய்விடுவார் என்றேன். ஒருநாள் அந்த ரெயிலை அவர் தவறவிட, மச்சாள் சோபாவில்கூடப் படுக்க விடாமல், தன் கணவரை எழுப்பி, காரில் ஏற்றி ஒஸ்லோவுக்கு அனுப்பியதையும் சொன்னேன்.

அதிகாரி சிரித்தார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் நான் தாலிக்கொடியைச் சட்டைக்கு மேலால் பிடித்துக்கொண்டிருந்தேன். முடிவு தபாலில் வரும் என்றார்.

அந்தக் காத்திருப்பைப் போல ஒன்றை நான் முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. கீழே கடிதப்பெட்டி மூடும் சத்தம் கேட்டால் படியிறங்கி ஓடுவேன். மகளுக்குத் தாய்ப்பாலை மறக்கடித்துவிடலாமா என்று யோசித்தேன். நான் இல்லாவிட்டாலும் அவள் சாப்பிடப் பழக வேண்டுமே. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடிதம் வந்தபோது அவர் லீவில் வீட்டில் இருந்தார். விதிப்படி தேநீர் ஊற்றினார். நான் குடிக்காமல் பிரித்தேன். அனுமதி புதுப்பிக்கப்பட்டிருந்தது.

நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிந்ததும், அடக்கி வைத்திருந்த எல்லாம் சண்டையாக வெளியே வந்தது.

“எல்லாம் அந்த எழுத்தாலை வந்த வினை. அதுவும் ஒரு நாளே? பக்கத்திலை நான் இருக்க, ரெயிலிலை வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டனீங்கள்!”

அவர் கோபிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீர் வந்து இறங்கின நாளிலை இருந்து நான் நித்திரை கொள்ளேல்லை. அப்பாவும் போயிட்டார். எல்லாரும் திவசம் முடியட்டும், திவசம் முடியட்டும் எண்டினம். ஆறு மாதம் முடிஞ்சா உம்மைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம் எனக்கு. இனி உம்மை ஒருத்தரும் அனுப்பேலாது எண்டு அந்தக் கடுதாசி கையிலை வந்தாப் பிறகுதான் கண்ணை மூடினனான்.”

மகளைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீரைச் சூடாக்கப் போனேன்.