சோலோதுர்னில் இரட்டைக் கண்ணாடிக் கோர்வெட்

சேர்னோபில் வெடித்து, கீரை வாங்கப் பயந்த வருடம் அது. அதே வருடம் குளிர் தொடங்க, பாசலில் இரசாயனக் கிடங்கு எரிந்து ரைன் ஆறு சிவப்பாக ஓடியது. அப்போதுதான் சுவிஸில் பாடனுக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி, மெக்கானிக், பெயின்டர், கார் கழுவ நான். எனக்கு எழுத்து வராது. இதுவும் நான் சொல்ல மகள் கவிதா தட்டெழுதுவதுதான். கார்களை உருவத்தால்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

முதலாளியும் மெக்கானிக்கும் காலமாகிவிட்டார்கள். பெயின்டர் லோசானுக்குப் போனபின் தொடர்பு அறுந்தது. இந்த மாசியில் ஒரு செத்தவீட்டில், "அவனும் முடிஞ்சானாமே" என்றார்கள். நம்பர் எவரிடமும் இல்லை. முதலாளியின் மகள், அவருடைய பழைய கோர்வெட் காரை வைகாசியில் சோலோதுர்னுக்கு வெளியே கூடும் அமெரிக்கக் கார்ச் சந்திப்புக்குக் கொண்டுவருவாள் என்று கேள்விப்பட்டேன். பெயின்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நானும் கவிதாவும் புறப்பட்டோம்.

பாடனில் எட்டரைக்கு ரயில், ஓல்டனில் மாறினால் ஒரு மணிநேரம் சொச்சம். பிறகு பஸ்ஸில் பத்து நிமிடம். அனுமதி இலவசம்.

புல்வெளியில் கோர்வெட்டுகளைத் தலைமுறைப்படி நிறுத்தியிருந்தார்கள். ஐம்பதுகளில் வந்த முதல் காருக்கு உருண்டைக் கண், வாய் நிறையக் குரோமியப் பல். வெளியே கதவுக் கைபிடியே இல்லை. அறுபதுகளில் விளக்குகள் சுழன்று உள்ளே ஒளிந்துகொண்டன. அடுத்ததற்கு இடுப்பு ஒடுங்கி மட்கார்டுகள் மேடாக எழுந்தன. எண்பதுகளில் கோடு போடும் அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல் ஆக்கினார்கள். பிறகு மறுபடி உருட்டி, விளக்கை வெளியே எடுத்து, கடைசியில் எஞ்சினையே சாரதியின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

"இதுதான் வடிவு, அப்பா."

"ஓம், பின்பெட்டி எஞ்சினுக்குப் பக்கத்திலை. சோத்துப் பார்சல் ஆறாது."

சிரித்தேனே தவிர, கண் எங்கள் காரைத்தான் தேடியது. பின்கண்ணாடியை நடுவே ஒரு பட்டை இரண்டாகப் பிரிக்கும் கார். அறுபத்து மூன்றில் மட்டும் வந்தது; பின்னால் பார்க்க மறைக்கிறது என்று அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். அதை எங்கள் கராஜில் வெள்ளைப் பெயின்ட் அடித்து முடித்ததும், பெயின்டர் எஞ்சின் மூடியான பொனற்றின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தான். சிவப்பு ஊறிவிட்டது. முதலாளி கத்தினார். தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு பொட்டு வைக்க பொனற்றின் உட்புறத்துக்கு மட்டும்தான் அனுமதி.

கார் நின்றது. முதலாளியின் மகளும் நின்றாள். பெயின்டரைப் பற்றிக் கேட்கப் பயந்து, "பொனற்றைத் திறக்கலாமா?" என்றேன்.

திறந்தாள். உள்ளே புதுப்பொட்டு.

"இது ஆர் வைச்சது?"

"வேறு யார்?" என்று சுவிஸ் ஜெர்மனில் சிரித்தாள். "குளிர்காலத்துக்குக் கழற்றி ஒப்படைத்த நம்பர் பிளேட்டை நான் திரும்பப் பூட்டுவதும் உங்கள் சித்திரை வருடப்பிறப்பும் ஒன்றாகத்தான் வரும். ஒவ்வொரு வருடமும் லோசானிலிருந்து வந்து வைத்துவிட்டுப் போவார். போன மாதமும் வந்தார்."

புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளே தன் போனில் அவன் நம்பரை அழுத்தித் தந்தாள்; "நான்தான்" என்றேன்.

"ஆரது? அடே, நீ செத்திட்டாய் எண்டெல்லோ சொன்னவங்கள்!"

"உன்னையும் அப்பிடித்தானடா சொன்னவங்கள்!"

"அப்ப ரெண்டு செத்தவீட்டுச் செலவு மிச்சம். எப்ப வாறாய்?"

போகிறவர்கள் பத்து மணிக்கு முன் போங்கள், பிறகு கூட்டம். தொப்பி கொண்டுபோங்கள், நிழல் கிடையாது. காரைத் தொடுமுன் கேளுங்கள்; கேட்டால் பொனற்றும் திறப்பார்கள். ஒருவர் செத்துவிட்டார் என்று யாராவது சொன்னால் நேரில் போய் விசாரியுங்கள். அந்தக் கராஜில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருவன்: பெயின்டர் சிவஞானம்.