விவசாயக் குழுவில் வந்த மாப்பிள்ளை

சண்டைக்காலத்தில் கொழும்புத் தமிழருக்காக இணையத்தில் ஒரு அரட்டைத் தளம் தொடங்கினோம். நிர்வாகிகள் இரண்டே பேர். நான் கொட்டாஞ்சேனை, அவர் வெள்ளவத்தை. இடையில் எத்தனை சோதனைச் சாவடி! அதனால் முகம் பார்த்ததில்லை. தொலைபேசியில்தான் சண்டை பிடித்தோம். அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னென்ன தலைப்பில் குழுக்கள் வைப்பது என்பதே முதல் சண்டை. சமையல், சினிமா, கிரிக்கெட், திருமண சேவை என்று எழுதினோம். அரசியல் வேண்டாம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே புத்தி. வீட்டுக்குப் பொலிஸ் வந்தால் யார் பதில் சொல்வது?

"விவசாயம் எண்டும் ஒண்டு போடுவம்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? கொழும்பில ஆர் தோட்டம் செய்யினம்? மொட்டை மாடியில வெங்காயமோ?"

"பரவாயில்லை, கிடக்கட்டும்."

போட்டேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

தளத்தில் திருமண சேவை இருக்கும் விஷயம் அம்மாவின் காதுக்குப் போனது. நெட் கபேக்கே வந்து, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு மாப்பிள்ளை தேடும் விளம்பரத்தை என் கையாலேயே அடிக்க வைத்தார். கனடா மாப்பிள்ளைதான் வேண்டுமாம். படத்தில் மட்டும் பார்த்தவனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டுப் பனிக்குள் போய் விழ எனக்கென்ன தலைவிதியா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திருமண சேவையில் போட்டால் மறுநாளே கனடாவில் இருந்து சாதகம் வந்து நிற்கும். எதை எந்தக் குழுவில் போடுவது என்று முடிவெடுப்பவள் நிர்வாகி அல்லவா? சத்தமில்லாமல் விவசாயத்தில் போட்டேன்.

"போட்டாச்சோ பிள்ளை?"

"ஓம் அம்மா, நல்ல இடத்தில."

ஒருவரும் கேட்காததில் அம்மாவுக்குக் கனடா மீதே கோபம். "என்ன திமிர் இவங்களுக்கு!" என்று புறுபுறுத்துக்கொண்டு மறுபடியும் என்னோடு கபேக்கு வந்த அன்று, விளம்பரத்தின் கீழே ஒரு பதில் கிடந்தது. 'விருப்பமெண்டால் பெண் கேட்டு வரட்டோ?' எழுதியவர் வெள்ளவத்தைக்காரர். அந்தக் குழுவைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள், அதைக் கேட்டு வாங்கிய ஆள்தானே! எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே இருந்த தலைப்பைப் படித்தார்.

"விவசாயம் எண்டு கிடக்கு. தோட்டம் செய்யிற பெடியனோ? அப்ப காணி இருக்கும், என்ன?"

கனடா அந்த நிமிஷமே கரைந்துபோனது. வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உங்களிட்டக் காணி கிடக்கோ? அம்மா கேக்கிறா."

"ஓம். ஊரில நல்ல செம்மண் தோட்டம். அப்பாவோட நானும் வெங்காயம் நட்டனான். இப்ப ஆமி பிடிச்சு வைச்சிருக்கு, முள்ளுக்கம்பிக்கு அங்கால."

வெங்காயத்தைச் சொல்லி நான் கேலி செய்தது நினைவுக்கு வந்தது.

அம்மா சமையலறை வாசலில் காத்துக்கொண்டு நின்றார். செம்மண் வரைக்கும் சொன்னேன்.