மைக் வயரின் நீளம்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்குக் கட்சி கிடையாது. எல்லாக் கட்சிக்காரர்களின் தொண்டையும் அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். அறுபதுகளில் தாராவியில், பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டிய ஒரு சந்தில் என் கடை. முன்னால் கடை, பின்னால் குடும்பம். பொதுக்கூட்டங்களில் மணிக்கணக்காக உட்கார்ந்து கால் மரத்துப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்களாவது பாதியில் எழுந்து போகலாம். நான் நன்றியுரை முடிகிறவரை ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே கிடக்க வேண்டும்.

குழாயடி வரைக்கும்

எங்கள் சந்து வீடுகளை இடித்துவிட்டு ரோடு போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்களை ஊருக்கு வெளியே தேவ்நார் பக்கம் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்களாம். அங்கேயிருந்து தோல் பட்டறை வேலைக்கு வருவதென்றால் பாதிக் கூலி பஸ்ஸுக்கே போய்விடும்.  அப்போதுதான் பட்டறையில் வேலை பார்த்த சுடலைமுத்து அண்ணாச்சி, கூட்டம் போட மைக் கேட்டு வந்தார். அதுவரை மேடை ஏறாத மனுஷன். எத்தனை ஸ்பீக்கர் என்று கேட்கவில்லை. மைக் வயர் குழாயடி வரைக்கும் எட்டுமா என்று கேட்டார்.

மேடையில் நின்று பேச நாலு முழம் போதுமே என்றேன். அவர் விடவில்லை. கடையில் கிடந்த துண்டு வயரையெல்லாம் சேர்த்து நீட்டிக் கொடுத்தேன். கூட்டத்தன்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஜனங்களுக்கு நடுவே இறங்கிவிட்டார். குழாயடியில் நின்ற பெண்களிடம் நீட்டினார். பட்டறையில் தோல் அலசுகிற பேச்சியம்மா முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பிடித்தாள் பாருங்கள்! லாரி வந்தால் எப்படி மறிப்பது என்று வழி சொன்னதே அவள்தான்.

கூட்டம் முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, நீங்க ஒண்ணுமே பேசலியே?" என்று கேட்டேன்.

"நான் பேசுனா எனக்குத் தெரிஞ்சதுதானடே வரும்?" என்றார்.

குடத்து வரிசை

சந்துக்கு ஒரே குழாய். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவள் குடத்தை நகர்த்தினவள் வீட்டுக்கு எங்கள் சந்தில் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

முனிசிபாலிட்டி லாரி வந்த காலையில், பேச்சியம்மா சொன்ன வழிப்படி சந்து முனையில் குறுக்கே குடங்களை வரிசை வைத்தார்கள். அத்தனையும் தண்ணீர் நிரம்பிய குடங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதற்குரியவள் நின்றாள். கல்லெறி இல்லை, கூச்சல் இல்லை. மராட்டிக்கார டிரைவர் இறங்கி வந்து, வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். அவர் வீட்டுக் குடமும் எங்கேயோ ஒரு குழாயடியில் நின்றுகொண்டிருக்கும். வண்டியை ஏற்று என்று அதிகாரி அதட்ட அதட்ட, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இந்தியில் சொன்னார்: "சாப், தண்ணி மேல வண்டி ஏத்த என்னால ஆகாது."

செம்பூர் வேட்பாளர்

லாரி திரும்பிப்போன அந்த வெற்றியால் எனக்கும் பெயர் வந்தது. செம்பூரில் தேர்தலுக்கு நின்ற ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மரத்துக்கு மரம் ஸ்பீக்கர் கட்டச் சொன்னார். கைக்குழந்தைகள்கூடத் தூக்கத்தில் அவர் பெயரைச் சொல்லியிருக்கும். ஒரு தெருவிலாவது இறங்கி நடந்தாரா என்றால் இல்லை. டெபாசிட் போயிற்று. மறுநாள் வயர் அவிழ்க்கப் போனபோது, பாவம், ஈஸிசேரில் சாய்ந்தபடி என்னைக் கேட்டார்: "ஏம்ப்பா, இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் கட்டியிருக்கலாமோ?"

சாம்ராஜ்யங்கள் ஏன் சாய்ந்தன

மாட்டுங்காவில் ஒரு சபாவில் சரித்திரப் பேராசிரியர் ஒருவர் பேசினார். பெரிய பெரிய சாம்ராஜ்யங்கள் ஏன் சாய்ந்தன என்பது தலைப்பு. எதிரி வந்து சாய்த்தது கொஞ்சம்தான் என்றார். ராஜாவிடம் கெட்ட செய்தி கொண்டுவருகிறவனுக்கு அடி விழ ஆரம்பித்தால், அப்புறம் நல்ல செய்தி மட்டும்தான் வரும். எதிரி கோட்டை வாசலுக்கு வந்த அன்றைக்கும் நல்ல செய்திதான் வந்துகொண்டிருக்கும் என்றார். எனக்கு மனசில் ஏதோ குத்தியது. யார் ஞாபகம் வந்தது என்று அப்போது நினைத்துப் பார்க்கப் பயந்தேன்.

கூட்டம் முடிந்ததும், ஆபீஸ் குமாஸ்தாவும் சபாவின் முன்னாள் செயலாளருமான மாமா ஒருவர் என் தோளைத் தட்டினார். "எல்லாம் பேஷா சொன்னார் ஓய். போன வாரம் சபா எலெக்ஷன்ல நான் தோத்தேனே, அதுக்கு மட்டும் காரணம் சொல்லலை பார்த்தீரா?"

ஊளை

சுடலைமுத்து அண்ணாச்சி பட்டறை வேலையை விட்டுவிட்டார். சந்து முனையில் பலகை மேடை நிரந்தரமாக நின்றது. மாலை, துண்டு, நாற்காலி எல்லாம் வந்தன. தப்பில்லை, அலைந்து பாடுபட்ட மனுஷன்தான். ஆனால் நீள வயர் வேண்டாம், காலில் சிக்குகிறது என்றார். நாலு முழத்தில் மைக்கை ஸ்டாண்டோடு கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் ஒரு ஸ்பீக்கரை மேடையைப் பார்த்துத் திருப்பச் சொன்னார். தன் குரல் எப்படி விழுகிறது என்று அவருக்குத் தெரியணுமாம். ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் போனால் ஊளையிடும் அண்ணாச்சி என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்ததும் அது ஊளையிட்டது. முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்தினார்கள். சத்தத்தைக் குறைத்துச் சமாளித்தேனே தவிர, ஸ்பீக்கரைத் திருப்ப அவர் விடவில்லை.

"ஊருக்கெல்லாம் கேக்குறது எனக்குக் கேக்க வேண்டாமாடே?" என்றார்.

எட்டவில்லை

முனிசிபாலிட்டிக்காரர்கள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாகப் போனார். அன்று சாயங்காலமே மேடை ஏறி, பாதிச் சந்து தங்கலாம், பாதிச் சந்துதான் தேவ்நார் போகணும், இது நமக்கு வெற்றி என்றார். கைதட்டல் கேட்டது. ஆனால் சாக்கடைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் வீடும் சாக்கடைப் பக்கம்தான். 

பேச்சியம்மா எழுந்து மைக்கைக் கேட்டாள். நாலு முழ வயர் அவள் வரைக்கும் எப்படி எட்டும்? அவிழ்த்துக் கொடுக்கலாமா என்று அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் நன்றி சொல்ல ஆரம்பித்திருந்தார். ஸ்பீக்கர் சத்தத்தில் அவள் கத்திக் கேட்டது மேடைக்குப் போகவில்லை, எனக்குக் கேட்டது. நான் மேடையடியில் இருந்தேன்.

"எந்தப் பாதி, அண்ணாச்சி?"

ஒற்றைக் குடம்

போகவேண்டியது சாக்கடைப் பக்கத்துப் பாதி என்று தெரிந்தது. அன்றிலிருந்து, தங்கப்போகிற மெயின் ரோட்டுப் பக்கத்துக்காரர்கள் எங்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். கெட்டவர்கள் இல்லை. நமக்கு ஆபத்தில்லை, வாயைத் திறந்தால் வந்துவிடுமோ என்கிற பயம்.

லாரி மறுபடி வந்தது. டிரைவர் வேறு ஆள். அண்ணாச்சி ஓடிவந்து மைக்கைப் பிடித்து, குடத்தைக் கொண்டு வாங்க, குடத்தைக் கொண்டு வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினார். ஸ்பீக்கர் அன்றைக்கு அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது. ரோட்டுப் பக்கம் கதவுகள் திறக்கவில்லை. எங்கள் பக்கம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். பேச்சியம்மா மட்டும் ஒரு குடத்தைத் தூக்கிவந்து முனையில் வைத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அவளே அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடுத்த மழைக்குள் ரோட்டுப் பக்கமும் போயிற்று. அண்ணாச்சி வீடும் போயிற்று. ஒற்றைக் குடம் வைத்த அந்தக் காலையில் நான் மைக்கை அணைத்தபோது, அவள் அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னாள்: "ஒத்தக் குடத்தச் சுத்திக்கிட்டுப் போவ லாரிக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

தேவ்நார்

தேவ்நாரில் குழாயே இல்லை. டேங்கர் லாரி வந்தால் தண்ணீர், வராவிட்டால் கண்ணீர் என்கிற நிலைமை. பேச்சியம்மா என்னைத் தேடி வந்தாள். கூட்டமாம். "நீள வயரு இருக்கா தம்பி?" என்றாள். இருந்தது.

அவள் மைக்கை ஆள் ஆளாக நீட்டிக்கொண்டே போனாள். எல்லோருக்கும் பின்னால், துண்டை மடியில் போட்டுக்கொண்டு சுடலைமுத்து அண்ணாச்சி தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். நின்றாள். மைக்கை அவரிடமும் நீட்டினாள்.  அத்தனை மேடை பார்த்த மனுஷன், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "எங்க வீட்டுலயும் தண்ணி இல்ல."

ஆகவே, கூட்டங்களில் கால் மரத்த சகோதரர்களே, ஒரு தலைவர் எத்தனை காலம் தாங்குவார் என்று தெரிய ஜோசியரிடம் போகவேண்டாம், மைக் செட்காரனிடம் அவர் எத்தனை முழம் வயர் கேட்டார் என்று விசாரித்தால் போதும்.