எழவு வீட்டில் பாட்டு

துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பாட்டு கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவை எரித்துவிட்டு வந்ததுமே, அப்பாவின் தங்கையான அத்தை டேப் ரிக்கார்டரைத் துண்டில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

அது துபாயிலிருந்து வந்த லெப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவரிடம் வாங்கியது. அரியலூர் நெல் மண்டியில் எடை போட்டுவந்த அப்பாவுக்கு மறதி நோய் வந்து ஆட்களை அடையாளம் தெரியாமல் போகத் தொடங்கியதும், அம்மா தன் கல்யாணக் காலத்துச் சினிமாப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து வாங்கி, தினமும் சாயங்காலம் போடுவாள். பாட்டு ஓடும்போதும், நின்ற பிறகு கொஞ்ச நேரமும், அப்பா எங்களை அடையாளம் கண்டு பேசுவார். எந்த டாக்டரும் சொன்னதல்ல. அம்மாவாகக் கண்டுபிடித்தது.

சாவு அப்பாவின் மனதில் பதியவில்லை. "உங்கம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பொறந்த வூட்டுக்கு, திருமானூருக்குப் போயிருக்கா, வந்துருவா" என்றாள் அத்தை. எல்லோரும் அதையே சொன்னார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய் பஸ் ஸ்டாப்பில் நின்றார். திருமானூர் பஸ் வரும்போதெல்லாம் இறங்குகிற பெண்களின் முகத்தைப் பார்த்தார்.

அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்த அன்று, பரணில் ஏறி டேப் ரிக்கார்டரை இறக்கினேன். கேசட்டைப் போட்டேன்.

அத்தை ஓடி வந்தாள். "ஏண்டி, எழவு வூட்டுல பாட்டா? ஊரு காறித் துப்பும்டி!"

"துப்பட்டும் அத்தை. எல்லாருக்கும் எழவு விழுந்துருச்சு. அவருக்கு மட்டும் இன்னும் விழல."

முதல் பாட்டில் அப்பா அசையவில்லை. அடுத்ததில் விரல் முழங்காலில் தாளம் போட்டது. பிறகு சிரித்தார்.

"உங்கம்மா டெண்டு கொட்டாயில படம் பாக்க மணலக் குமிச்சு அது மேல ஒக்காந்துக்குவா. பின்னால இருக்கறவன் கத்துவான். இவ எறங்கவே மாட்டா." சிரிப்பு நின்றது. அம்மாவுக்காகச் சுவரோரம் ஏற்றி வைத்திருந்த விளக்கைப் பார்த்தார். "எரிச்சீங்களா, பொதச்சீங்களா?"

"எரிச்சோம்ப்பா."

"நான் இருந்தனா?"

"நீங்கதான் மொதல்ல வாய்க்கரிசி போட்டீங்க."

அவர் அழுதார். அத்தை பாட்டை நிறுத்தக் கையை நீட்டினாள்.

"கைய எடு" என்றார் அப்பா, தங்கையிடம்.

மறுநாள் மறுபடியும் அம்மாவைக் கேட்டார். மறுபடியும் பாட்டைப் போட்டு, உண்மையைச் சொன்னேன். தினமும் சாவைச் சொல்லி அழவைப்பது பாவம் என்றார்கள் உறவுக்காரர்கள். பொய் சொல்லி பஸ் ஸ்டாப்பில் நிறுத்துவது என்ன புண்ணியமோ! பதினாறாம் நாள் அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செத்தது தன் மனைவி என்று தெரிந்தே அப்பா படையல் போட்டார்.